கிட்டார் பாட வேண்டும், பாடகர் மூச்சு விட வேண்டும்: உங்கள் பட்டியல் என்ன?

நீலக்கம்பி எழுதியது:

கிட்டார் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "யார் கை வேகம்" என்பதில்தான் வந்து நிற்கிறது. எனக்கு அதில் அவ்வளவாக ஈடுபாடு கிடையாது. நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒருவர் வாசித்த சோலோவை (தனி வாசிப்பை) குளிக்கும்போது வாயால் பாட முடிகிறதா? முடிந்தால் அவர் பெரிய ஆள். பாடகர்களுக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்துகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், அந்த இடைவெளியை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கிறாரா என்று பார்ப்பேன்.

என் முதல் ஓட்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்குக்கு (1925–2015). மனிதர் ஒரே நேரத்தில் பாடவும் வாசிக்கவும் மாட்டார். பாடும்போது கை சும்மா இருக்கும், வரி முடிந்ததும் அவருடைய கிட்டார் லூசில் பதில் சொல்லும். (1949இல் ஆர்கன்சாவில் ஒரு நடனக் கொட்டகையில் இரண்டு பேர் லூசில் என்ற பெண்ணுக்காகச் சண்டை போட்டதில் தீப்பிடித்துக்கொண்டது. எரிகிற கொட்டகைக்குள் திரும்ப ஓடி கிட்டாரைத் தூக்கி வந்தாராம். இனி இப்படிப் பைத்தியக்காரத்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான், அதற்கப்புறம் வாங்கிய கிட்டார்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்.) யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து அவருடைய இடது கையை மட்டும் பாருங்கள். ஒரு விரல்தான் நரம்பில் இருக்கும். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை விட்டு விலகியிருக்கும், மணிக்கட்டு சுழல, மற்ற விரல்கள் விரிந்து படபடக்கும். அந்த ஒற்றை ஸ்வரம் நடுங்கிக்கொண்டே நிற்கும்போது அடுத்த ஸ்வரம் வேண்டும் என்றே தோன்றாது.

பாடகர்களில் பில் விதர்ஸ். 1971இல் முதல் ஆல்பம் வந்தபோது விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைப் படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார், அது வேலை இடைவேளையில் எடுத்த படம். அந்த ஆல்பத்தின் புகழ்பெற்ற பாட்டில் "ஐ நோ" என்று 26 முறை திரும்பத் திரும்பச் சொல்வார். அங்கே வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார், கூட இருந்த கலைஞர்கள் "அப்படியே விடு" என்று சொல்லிவிட்டார்கள். நல்ல வேளை.

உங்கள் பட்டியலைப் போடுங்கள். தமிழ், இந்தி, மலாய், ஆங்கிலம் எதுவும் சரி. ஆனால் ஏன் பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும், வெறும் பெயர் வேண்டாம்.

பிடோக்வாசி எழுதியது:

பி.பி. கிங் சரி அண்ணே, தலைவணங்குகிறேன். ஆனால் வேகமாக வாசித்தால் உயிர் இருக்காது என்று சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை என்ன செய்வீர்கள்? 1928இல் அவர் தங்கியிருந்த வண்டி தீப்பிடித்து இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிப்போயின. அதன் பிறகு சோலோ முழுக்க இரண்டே விரல்தான். அந்த இரண்டு விரலில் வந்த வேகம் இன்றைக்கு நல்ல பத்து விரல் உள்ளவர்களுக்கே வருவதில்லை. அதில் உயிர் இல்லையா?

நம்ம ஊர் ஆளும் இருக்கிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ். கிட்டார் இல்லைதான், ஆனால் மேற்கத்திய நரம்பு வாத்தியம், ஐந்து நரம்பு, மின்சார மாண்டலின். 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவர் பதின்ம வயதுச் சிறுவன். அதிவேகக் கல்பனாஸ்வரத்தைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் எத்தனை பேர்! 2014இல் 45 வயதில் போய்விட்டார், அது வேறு வயிற்றெரிச்சல்.

வேகம் ஒரு குற்றம் அல்ல. வேகத்தில் சொல்ல ஒன்றும் இல்லாதவன் கையில் அது குற்றம், அவ்வளவுதான்.

கேசட்காலம் எழுதியது:

நீங்கள் இருவரும் அமெரிக்கா, பெர்லின் என்று போய்விட்டீர்கள். நான் நம்ம சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டிலேயே நிற்கிறேன்.

அந்தக் காலத்தில் வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 90 நிமிட டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்கள். படத்தின் அசல் கேசட் வாங்கினால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இசையமைப்பாளர் பெயர் பெரிதாக, பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் சிறிதாக. கிட்டார் வாசித்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. "இளைய நிலா பொழிகிறதே" (பயணங்கள் முடிவதில்லை, 1982) தொடக்கத்தில் வரும் அந்த அக்குஸ்டிக் கிட்டாரை யார் வாசித்தார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது: ஆர். சந்திரசேகர். அந்த மெட்டை அடுத்த வருடமே இந்தியில் கிஷோர் குமார் பாடி வட இந்தியா முழுக்கப் பரவியது. இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் கிட்டார் பிடிக்கத் தெரிந்த பையன்கள் எல்லோரும் முதலில் முயன்று தடுமாறுவது அந்தத் தொடக்கத்தில்தான். நிதானமாக இருப்பதுபோல் காதுக்குத் தெரியும், வாசித்துப் பார்த்தால் வலது கை விரல்கள் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும், ஒரு விரல் பிசகினாலும் அந்த நீரோட்டம் நின்றுவிடும்.

சதா மாஸ்டர் என்று எல்லோரும் அழைத்த சதானந்தம், பேஸ் கிட்டாரில் சசிதரன் என்று அந்தக் கூட்டத்தில் இன்னும் பலர். ராஜா சாருக்கே கிட்டார் கை வந்த வாத்தியம். அவருடைய நூறாவது படமான மூடுபனியில் (1980) யேசுதாஸ் "என் இனிய பொன் நிலாவே" பாடும்போது கிட்டார் பின்னணியாகவா இருக்கிறது? கூடவே பாடுகிறது. நீலக்கம்பி சொன்ன கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தோபாயோ_அக்கா எழுதியது:

எனக்கு நரம்பு, கம்பி எதுவும் தெரியாது. குரலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எஸ்.பி.பி. என்றாலே எல்லோரும் கேளடி கண்மணியில் (1990) மூச்சு விடாமல் பாடிய அந்தச் சரணத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அவர் மூச்சு விடும் இடங்கள்தான் பிடிக்கும். வரிக்கு நடுவில் லேசாகச் சிரிப்பார், சில நேரம் ஒரு எழுத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பாதியை மட்டும் வெளியே விடுவார். அது ஸ்வரத்தில் எழுதிக் கொடுத்து வருவது கிடையாது.

ஆனால் என் பட்டியலில் முதல் இடம் ஸ்வர்ணலதாவுக்கு. 1987இல் எம்.எஸ்.வி. இசையில் யேசுதாசோடு முதல் பாட்டு. 1994இல் கருத்தம்மாவில் "போறாளே பொன்னுத்தாயி" பாடித் தேசிய விருது. அந்தப் பாட்டை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். சோகப் பாட்டு என்று குரலில் அழுகையைத் தடவவே இல்லை. நேராக, அலட்டாமல் பாடுகிறார். கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. இன்றைக்கு ரியாலிட்டி மேடைகளில் பிள்ளைகள் அதே பாட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விம்மல் வைக்கிறார்கள், நடுவர்களும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 2010இல் 37 வயதில் போய்விட்டார் அந்தப் பெண். ஒலி 96.8 வானொலியில் இரவு அவர் பாட்டு வந்தால் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கேட்பேன், இல்லாவிட்டால் சட்டை போய்விடும்.

ஜானகியம்மா தனி இழை போட வேண்டிய ஆள். இங்கே தொட்டால் முடியாது.

நீலக்கம்பி எழுதியது:

அக்கா, அழுகையைத் தடவாமல் பாடுவது என்றீர்களே, அதற்காகவே கர்டிஸ் மேஃபீல்டைப் பற்றி எழுதுகிறேன். தெரியாதவர்கள் தேடிக் கேளுங்கள். சிகாகோக்காரர், பாடகரும் அவரே கிட்டாரும் அவரே. சின்ன வயதில் யாரிடமும் போகாமல் தானாகக் கற்றுக்கொண்டவர். பியானோவின் கறுப்புக் கட்டைகளைத் தட்டிப் பார்த்து அந்தச் சுருதிக்கே கிட்டார் நரம்புகளைக் கட்டிக்கொண்டார். அதனால் அவர் வாசிப்பதை நம்முடைய சாதாரணக் கிட்டாரில் அப்படியே பிடிக்க முடியாது. குரலோ இயல்பைவிட உயரத்தில் பாடும் மென்மையான பொய்க்குரல் (ஃபால்செட்டோ). கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் ஊரே அவர் பாட்டைப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனது. ஆனால் அவர் பாட்டில் ஒரு இடத்தில்கூடக் கத்தமாட்டார்.

1990இல் நியூயார்க்கில் திறந்தவெளி மேடை ஒன்றில் காற்றடித்து விளக்குக் கட்டு அவர் மேலே சரிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. கிட்டார் அத்தோடு முடிந்தது. ஆனாலும் 1996இல் ஒரு ஆல்பம் வந்தது. உட்கார்ந்தபடி பாட நுரையீரலில் வலு இல்லை. மல்லாந்து படுத்தால் கொஞ்சம் காற்று வரும். அப்படிப் படுத்தபடி ஒரு வரி, ஓய்வு, இன்னொரு வரி என்று பாடிப் பதிந்து ஒட்டினார்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நமக்கே மூச்சு முட்டும். தெரியாமல் கேட்டால் பழைய கர்டிஸ்தான், அதே இதம். 1999இல் இறந்தார்.

பிடோக்வாசி தம்பி, ஜாங்கோவைக் கொண்டுவந்தது நியாயம்தான். ஆனால் அவர் வாசித்ததை வாயால் பாட முடிகிறது, அதனால் அவர் என் கட்சியில்தான் சேர்வார்.

பிடோக்வாசி எழுதியது:

எல்லா நல்ல ஆட்களையும் உங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டால் நான் யாரை வைத்து வாதாடுவது?

ஆறாம்நரம்பு எழுதியது:

வாசிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் கைவேலை பற்றிச் சொல்கிறேன்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஃப்ரெட் கம்பிகள் நிலையாகப் பதிந்திருக்கின்றன. அழுத்தினால் அந்த ஸ்வரம், விட்டால் அடுத்தது, நடுவில் இருப்பது கிடைக்காது. மனிதக் குரலுக்கு அந்த நடுவில்தான் உயிரே இருக்கிறது. அதைப் பிடிக்க ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ப்ளூஸ்காரர்கள் நரம்பைப் பக்கவாட்டில் தள்ளி அரை ஸ்வரம், முழு ஸ்வரம் ஏற்றினார்கள். ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர், வலதுகைக் கிட்டாரை நரம்பு மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்தார். அதனால் மற்றவர்கள் மேலே தள்ளும் நரம்பை அவர் கீழே இழுத்தார். அவருடைய சத்தம் தனியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெஃப் பெக் பிற்காலத்தில் நரம்பை மீட்டும் பிக் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினார். சுண்டு விரலைச் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியிலும் வால்யூம் திருகிலும் வைத்து, வாய் திறந்து மூடுவது போன்ற ஒரு விளைவைக் கொண்டுவந்தார்.

நமக்கு நெருக்கமானது ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்ளின் செய்தது. சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசிக்க ஒரு தனிக் கிட்டார் செய்ய வைத்தார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருக்கும். விரல் மரத்தில் படாது, நரம்பில் மட்டும் படும். அப்படி இருந்தால்தான் வீணையில் செய்வதுபோல் தாராளமாக இழுத்துக் கமகம் கொண்டுவர முடியும். குறுக்கே, மீட்டாமலே கூட அதிர்ந்து ஒலிக்கும் அனுதாப நரம்புகளும் உண்டு. எழுபதுகளின் நடுவில் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வேகத்துக்கும் அவர் பேர்போனவர், பிடோக்வாசி மகிழ்ச்சியடையலாம்.

அப்புறம் பீட்டர் கிரீன். ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவைத் தொடங்கிய ஆள். அவருடைய லெஸ் பால் கிட்டாரில், நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றின் காந்தம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்த ஒலி வரும். குறை என்று யாராவது சரிசெய்திருந்தால் அந்த ஒலி போயிருக்கும். அந்தக் கிட்டார் பிறகு கேரி மூரிடம் இருந்தது, இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹேமட்டிடம். பி.பி. கிங்குக்கே வியர்க்க வைத்தவர் கிரீன், அதை கிங்கே சொல்லியிருக்கிறார்.

புங்கோல்_பையன் எழுதியது:

எல்லாரும் செத்துப்போனவங்களா இருக்காங்களே ப்ரோ, உயிரோட யாரும் இல்லையா லா?

என் ஓட்டு பிரதீப் குமாருக்கு. கர்நாடக சங்கீதம் தெரியும், கிட்டாரும் வாசிப்பார், பாட்டும் பாடுவார். அவர் பாடும்போது கடைசி எழுத்தை எங்கே விடுவார் என்று ஊகிக்கவே முடியாது. கிட்டார் மட்டும் என்றால் கெபா ஜெரமையா. இப்போது கேட்கும் தமிழ்ப் பாட்டுகளில் நல்ல கிட்டார் காதில் விழுந்தால் பாதி நேரம் அவராகத்தான் இருக்கும்.

கேசட்காலம் எழுதியது:

இதில் ஒரு நல்ல மாற்றம் பார்த்தாயா தம்பி. வாசித்தவர் பெயர் உனக்குத் தெரிகிறது. இப்போது யூடியூப் விவரக் குறிப்பிலேயே எல்லோர் பெயரையும் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஹேப்பிவேர்ல்டு_தாத்தா எழுதியது:

பேரப்பிள்ளை தட்டச்சு செய்து தருகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்கள், சிங்கப்பூர்க் கிட்டாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 1961இல் கேலாங் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் வந்து வாசித்தார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் நாலு பையன்கள் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷேடோஸின் ஹேங்க் மார்வின் வாசித்ததில் பாட்டே கிடையாது, ஆனாலும் எங்களுக்கு எல்லா மெட்டும் மனப்பாடம். முதலில் எழுதிய தம்பி சொன்ன அதே சங்கதிதான்.

அந்த அலையில் வந்தவர்கள் குவெஸ்ட்ஸ் குழுவினர். குவீன்ஸ்டவுன் பள்ளிப் பிள்ளைகள். 1964இல் அவர்கள் போட்ட "ஷேண்டி" என்ற வாத்திய இசை, இங்குள்ள பட்டியலில் பீட்டில்ஸையே முதல் இடத்திலிருந்து இறக்கியது. லீட் கிட்டார் ரெஜி வர்கீஸ். சுத்தமான கை. மலாய்க்காரப் பிள்ளைகள் "பாப் யே யே" என்று தனியாக ஒரு பாணியே உண்டாக்கினார்கள், அதிலும் கிட்டார்தான் ராஜா.

எழுபதுகளில் நீளமுடிக்குத் தடை வந்தது. அரசாங்க அலுவலகத்தில் "நீளமுடி ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை" என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். 1972இல் லெட் செப்பலின் விமானத்தில் வந்தும் முடியை வெட்ட மாட்டோம் என்றதால் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. என் மச்சான் முடியை வெட்டிக்கொண்டு வேலைக்குப் போனான், கிட்டாரை விற்றுவிட்டான்.

இன்னொரு பெயர்: அலெக்ஸ் அபிஷேகநாதன். சிங்கப்பூர்க் கிட்டாரின் தந்தை என்று சொல்வார்கள். எழுபதுகளில் தொலைக்காட்சியில் கிட்டார் கற்றுக்கொடுத்தார், வீட்டில் நாங்கள் கிட்டார் இல்லாமலே பார்ப்போம். 1981இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிட்டார் குழு தொடங்கினார், 1988இல் கலாசாரப் பதக்கம். நல்ல கனத்த குரலில் பாடவும் செய்வார். அவருடைய அண்ணன் பாலுக்கும் அதே பதக்கம் உண்டு, அவர் இசைக்குழு நடத்துநர்.

தோபாயோ_அக்கா எழுதியது:

தாத்தா, இதெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாருமே சொல்லவில்லை. இன்னும் எழுதுங்கள். பேரப்பிள்ளைக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பிடோக்வாசி எழுதியது:

ஐயா, ரெஜி வர்கீஸ் வாசித்ததை இப்போதுதான் தேடிக் கேட்டேன். வேகம்தான்! அதுவும் உருப்படியான வேகம். என் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

நீலக்கம்பி எழுதியது:

வாயால் பாட முடிகிறதா?

பிடோக்வாசி எழுதியது:

முடிகிறது. ஆனாலும் தரமாட்டேன்.

செம்பவாங்_அம்மா எழுதியது:

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மகளுக்குப் பத்து வயது, கிட்டார் வேண்டும் என்கிறாள். அவள் பாடவும் செய்வாள். என்ன வாங்குவது? எங்கே போவது? அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வேறு.

ஆறாம்நரம்பு எழுதியது:

அக்கா, நைலான் நரம்புக் கிட்டார் வாங்குங்கள். எஃகு நரம்பு பிஞ்சு விரலை அறுக்கும், முதல் மாதத்திலேயே பிள்ளை வெறுத்துவிடும். பத்து வயதுக்கு முக்கால் அளவு போதும். நைலான் சத்தமும் குறைவு, குழந்தை எழாது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மகளையும் கூட்டிப்போய் மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தோள் தூக்காமல் கை எட்ட வேண்டும். முதல் கிட்டாருக்கு விலை உயர்ந்தது தேவையில்லை.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். நம்ம ஊர் காற்றில் ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்தைத் தாண்டும். கிட்டார் மரத்துக்கு நல்லது 45இலிருந்து 55. ஈரம் ஏறினால் மரம் ஊதி, நரம்பு உயர்ந்து, அழுத்தவே முடியாமல் போகும். பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடுங்கள், ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் சாய்த்து வைக்காதீர்கள்.

நீலக்கம்பி எழுதியது:

அவளுக்குப் பாட வருமென்றால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். தெரிந்த பாட்டு ஒன்றை முதலில் பாடட்டும், அப்புறம் அதே மெட்டை ஒரே நரம்பில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது) எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்பிளனேடில் தண்ணீர் ஓரத் திறந்தவெளி மேடையில் வாரக் கடைசியில் இலவசமாக வாசிப்பார்கள், கூட்டிப் போங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் விரல்கள் தெரியும்.

செம்பவாங்_அம்மா எழுதியது:

நன்றி. சனிக்கிழமை போகிறோம். அவளுக்கு முதலில் பிடிக்க வேண்டிய பாட்டு "இளைய நிலா"வாம்.

கேசட்காலம் எழுதியது:

ஐயோ, அது வேண்டாம்மா. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.